பூனையின் நீர்க்கட்டு

வீட்டுப் பூனையைக் கோணிப்பையில் போட்டு வாயைக் கட்டி, மீன் சந்தைக்குப் பக்கத்திலோ ரயில் பாதைக்கு அப்பாலோ கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது நம் நாட்டில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். முற்காலத்தில் இதற்குக் காரணம் பெரும்பாலும் பாலாக இருக்கும். உறியில் வைத்த பாலைப் பூனை குடித்துவிட்டது. ஆகவே அதற்கு நாடு கடத்தல் தண்டனை. இக்காலத்தில் பால் குளிர்சாதனப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. கோணிப்பைக்குத்தான் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. இப்பொழுது பூனையின்மீது சாட்டப்படும் குற்றம் வேறு. மெத்தையில் மூத்திரம் பெய்துவிட்டது, துவைத்து மடித்து வைத்த வேஷ்டியின்மேல் பெய்துவிட்டது, பூஜை அறை வாசலில் பெய்துவிட்டது என்று குற்றப் பத்திரிகை நீண்டுகொண்டே போகிறது.

இந்தக் குற்றவாளியின் சார்பாகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. சுத்தத்தில் பூனைக்கு இணையான வீட்டுப் பிராணி வேறில்லை. அப்படிப்பட்ட பிராணி திடீரென்று கண்ட இடத்தில் நீர் விடத் தொடங்கினால், அதற்குக் குறும்பு காரணமன்று. ஒன்று, அதன் மூத்திரப்பையில் நோய் இருக்கவேண்டும். அல்லது, நாம் அதற்கென்று ஒதுக்கிய இடம் அதற்குச் சகிக்கவில்லை என்று அர்த்தம். எது என்று பிரித்தறிவது வீட்டுக்காரர்களின் கடமை. அதிலும் ஆண் பூனையின் விஷயத்தில் ஒரே ஒரு நாள் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆகையினால் இதைப்பற்றிச் சற்று விவரமாகவே பார்ப்போம்.

கொல்லை போன கதை

முன்பெல்லாம் நம் வீடுகளுக்கு முன்னால் திண்ணையும் பின்னால் கொல்லையும் இருந்தன. திண்ணை வழிப்போக்கருக்கு, கொல்லை பூனைக்கு. அடுப்புச் சாம்பல் கொட்டிய குவியல், வாழையடியிலுள்ள ஈர மண், கிணற்றடியின் மணல் என்று அதற்குப் பல இடங்கள் உண்டு. முன்னங்காலால் பள்ளம் பறித்து, காரியத்தை முடித்து, மண்ணைத் தள்ளி மூடி, மோந்து பார்த்துவிட்டுக் கௌரவமாக நடந்து வந்துவிடும். நாம் ஒன்றையும் கவனிக்க வேண்டியதில்லை.

இன்று திருவள்ளூரில் காக்களூர்த் தொழிற்பேட்டைப் பக்கத்திலும், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியும் எழும்பியிருக்கும் குடியிருப்புகளில் கொல்லையை எங்கே தேடுவது? இரண்டு அறை, ஒரு கூடம், துணி உலர்த்தக் கை அகலத்தில் ஒரு பால்கனி. தரை முழுவதும் வழவழவென்ற டைல்ஸ். மூன்றாவது மாடியில் வளரும் பூனைக்கு மண் என்பது ஜன்னல் வழியாகப் பார்க்கும் பொருளாகிவிட்டது. அதன் கொல்லையை நாம் எடுத்துக்கொண்டோம். அதற்குப் பதிலாக ஏதாவது கொடுக்கவேண்டும் அல்லவா?

கொடுக்க வேண்டியதற்குக் கடைக்காரர்கள் 'லிட்டர் பாக்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லிட்டர் என்றவுடன் எண்ணெய் அளக்கும் லிட்டரை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாம் இதை மணல் பெட்டி என்றே சொல்வோம். இதற்கு ஒரு சிறு சரித்திரம் உண்டு. நம் தேசம் சுதந்திரக் கொடி ஏற்றிய அதே 1947-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் எட்வர்டு லோ என்ற இளைஞர் இருந்தார். குளிர்காலத்தில் மணல் குவியல் உறைந்துபோகவே, அண்டை வீட்டு அம்மாள் ஒருவர் தம் பூனைக்காகச் சிறிது மணல் கேட்டு அவரிடம் வந்தார். லோ மணலுக்குப் பதிலாகத் தம்மிடமிருந்த உலர்ந்த களிமண் குறுணையைக் கொடுத்தனுப்பினார். அது நம் பெண்மணிகள் முகத்துக்குப் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டியின் இனத்தைச் சேர்ந்தது. ஈரத்தை வெகுவாக உறிஞ்சும். அந்த அம்மாளுக்கு வேறு மணலே பிடிக்காமல் போய்விட்டது. லோ அதைப் பையில் கட்டி விற்கத் தொடங்கினார். பிறகு 1984-ல் தாமஸ் நெல்சன் என்பவர், ஈரம் பட்டால் உருண்டையாகத் திரளும் பென்டனைட் களிமண்ணை இதற்குப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். அந்தக் களிமண் நம் நாட்டிலேயே குஜராத்தின் கட்ச் பிரதேசத்தில் ஏராளமாகக் கிடைக்கிறது.

பாலைவனத்து வாரிசு

பூனையின் நீர் உபாதையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் பூர்விகத்தைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டுப் பூனைகள் எல்லாம் வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட பூமியில் வாழ்ந்த காட்டுப் பூனையின் சந்ததிகள். தண்ணீர் அரிதான இடத்தில் வாழ்ந்த அந்த மூதாதை, எலியைத் தின்று, எலியின் உடம்பிலிருந்த நீரைக்கொண்டே பெரும்பாலும் காலம் தள்ளியது. எலியின் உடம்பில் பத்தில் ஏழு பங்கு நீர்தான். ஆகையினால் பூனையின் மூத்திரக் காய்கள் நீரை இறுகப் பிழிந்து, மிகவும் கெட்டியான மூத்திரத்தைக் கொஞ்சமாக வெளியேற்றும் திறமை பெற்றிருக்கின்றன. தாகம் எடுப்பதும் பூனைக்குக் குறைவு.

எலி தின்னும் வரையில் இந்த ஏற்பாடு சரியாக நடந்தது. இப்பொழுது பல வீடுகளில் பூனைக்குப் பையில் வரும் உலர்ந்த தீனி போடுகிறார்கள். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் ஈரம் இருப்பதில்லை. பூனையோ அந்தக் குறையை ஈடு செய்யும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரை வைகாசி வெயிலில் தகர ஓட்டு வீடுகளில் நிலைமை எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூத்திரம் மேலும் கெட்டியாகி, அதிலுள்ள உப்புகள் படிகம் படிகமாகப் பிரிந்து விழ ஏதுவாகிறது.

மூன்று உபாதைகள்

நம் பெரியோர் மனிதருக்கு வரும் மூத்திர வியாதிகளை நீர்ச்சுருக்கு, கல்லடைப்பு, நீர்க்கட்டு என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். பூனைகளுக்கும் இந்த மூன்று பெயர்களும் வெகு நன்றாகப் பொருந்துகின்றன.

முதலாவது நீர்ச்சுருக்கு. மூத்திரப்பையின் உட்சுவர் அழன்று வீங்குவதால் வருவது இது. பூனை பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பெட்டிக்குப் போகும், குந்தி உட்காரும், சொட்டுச் சொட்டாக விடும், சில சமயம் இரத்தம் கலந்திருக்கும், வேதனையால் கத்தும், அந்த இடத்தை ஓயாமல் நக்கும். மனிதருக்கு இப்படி வந்தால் கிருமிகளே காரணமென்று எண்ணுகிறோம். நடுவயதுக்குட்பட்ட பூனைகளில் கிருமியால் வருவது மிகக் குறைவு. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கிருமியும் இருப்பதில்லை, கல்லும் இருப்பதில்லை. காரணம் தெளிவாகப் புலப்படாத அழற்சியே காணப்படுகிறது. ஆகையால் அண்டை வீட்டார் மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பூனைக்குக் கொடுப்பது வியாதிக்கு வைத்தியமாகாது.

இரண்டாவது கல்லடைப்பு. பூனைகளுக்கு உண்டாகும் கற்களில் முக்கியமானவை இரண்டு ஜாதி. ஸ்ட்ருவைட் என்பது மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தது. இதை வைத்தியர் குறிப்பிடும் விசேஷ ஆகாரத்தினாலேயே கரைத்துவிடலாம். மற்றது கால்சியம் ஆக்ஸலேட். இது கரையாது, பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்கவேண்டும். அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் கார்ல் ஆஸ்பார்ன் என்ற மிருக வைத்தியப் பேராசிரியர் 1981-ல் இதற்கென்றே ஒரு கல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். ஆரம்பத்தில் அங்கே வந்த பூனைக் கற்களில் பெரும்பாலானவை ஸ்ட்ருவைட். தீனி தயாரிப்போர் மக்னீசியத்தைக் குறைத்து, மூத்திரத்தில் புளிப்புத் தன்மை மிகும்படி செய்தபின் அந்த ஜாதி குறைந்து ஆக்ஸலேட் பெருகியது. ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் புடைக்கும் பலூனைப்போல! எந்த ஜாதிக் கல் என்று தெரியாமல் நாமாகவே பத்தியம் வைப்பது எவ்வளவு அபாயம் என்பதற்கு இதுவே சாட்சி.

மூன்றாவதும் மிகக் கொடியதும் நீர்க்கட்டு. ஆண் பூனையின் மூத்திரத் தாரை நீளமானது. நுனியில் மிகவும் குறுகலானது. படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்த ஒரு சிறு அடைப்போ, கடுகளவு கல்லோ போதும். வழி முழுவதும் அடைபட்டுவிடும். பெண் பூனைக்குத் தாரை குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் இந்த விபத்து மிக அபூர்வம்.

ஓர் இரவில் நடப்பது

கும்மிடிப்பூண்டியில் இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும் ஒரு குடும்பத் தலைவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். ஆண் பூனை வாசலுக்கு வந்து அவர் காலைச் சுற்றவில்லை. மணல் பெட்டியில் போய் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "மலச்சிக்கல் போலிருக்கிறது, விளக்கெண்ணெய் ஒரு சங்கு கொடுங்கள்" என்கிறாள் பாட்டி. எல்லாருக்கும் அது சரியாகவே தோன்றுகிறது. ஏனெனில் மலம் வராமல் முக்குவதும் மூத்திரம் வராமல் முக்குவதும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். எண்ணெய் கொடுத்தாகிவிட்டது. பூனை கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. மத்தியானம் வாந்தி எடுக்கிறது. "எண்ணெய் வேலை செய்கிறது" என்கிறார்கள். மறுநாள் காலையில் அதன் உடம்பு சில்லிட்டிருக்கிறது.

உள்ளே நடந்தது இதுதான். வெளியேற வழியில்லாத மூத்திரம் பையை நிரப்பிக் கல்போல் இறுகச் செய்தது. அதன் அழுத்தத்தால் மூத்திரக் காய்கள் வேலையை நிறுத்தின. வெளியே போகவேண்டிய விஷங்கள் இரத்தத்தில் தங்கின. எல்லாவற்றுக்கும் மேலாகப் பொட்டாசியம் என்ற உப்பு இரத்தத்தில் மிகுந்துபோயிற்று. அது மிகுந்தால் இருதயம் தாளம் தப்பும், பிறகு நின்றுவிடும். முழு அடைப்பு ஏற்பட்ட பூனை ஒரு நாளைக்குள் கடும் நோயாளியாகி, இரண்டு மூன்று நாளில் மாண்டுபோகக் கூடும். தக்க சமயத்தில் கொண்டு சேர்த்தால் பிழைப்பவையே அதிகம் என்பதையும் உடனே சொல்லவேண்டும். வைத்தியர் மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை நீக்கி, இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றி, இரண்டொரு நாள் வைத்துப் பார்ப்பார். மறுபடி மறுபடி அடைபடும் பூனைகளுக்குத் தாரையை அகலப்படுத்தும் சஸ்திர சிகிச்சையும் உண்டு.

இந்த வேளையில் செய்யக்கூடாதவற்றை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றை அழுத்தி மூத்திரத்தைப் பிதுக்க முயலக் கூடாது, பை வெடித்துவிடலாம். வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், பார்லிக் கஞ்சி எல்லாம் நம் வீடுகளில் மனிதருக்குக் கொடுக்கும் கை மருந்துகள். வாசலை அடைத்துவிட்டு வீட்டுக்குள் மேலும் ஆட்களை அனுப்புவது எப்படியோ, அப்படித்தான் நீர்க்கட்டுள்ள பூனைக்கு இவற்றைப் புகட்டுவதும். இளநீர் இன்னும் மோசம். அதில் பொட்டாசியம் நிறைந்திருக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய அபாயம் காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை. அதைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

செய்யவேண்டியது ஒன்றே. ஆண் பூனை திரும்பத் திரும்பக் குந்துகிறது, ஒரு சொட்டும் விழவில்லை என்றால், அது இரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் மிருக வைத்தியரைத் தேடிப் புறப்படவேண்டும். பக்கத்திலுள்ள அரசாங்கக் கால்நடை மருத்துவமனையில் முதலில் விசாரிக்கலாம். குழாய் செலுத்தும் வசதி அங்கே இல்லையென்றால் சென்னைதான் கதி. வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் ஏற்பட்டது; வண்டி மாடும் குதிரையும் தேசத்தின் போக்குவரத்தாக இருந்த காலம் அது. 1989-ல் ஏற்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரத்தில், கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. திருவள்ளூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வேப்பேரிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். ஆகையால் விடிந்தபின் போகலாம் என்று ஒத்திப்போடுவது இவ்வூர்க்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிக நஷ்டம் தரும்.

பூனையும் மன நிம்மதியும்

காரணம் புலப்படாத அழற்சி என்று முன்னே சொன்னோமே, அதைப்பற்றி அமெரிக்காவின் ஒஹையோ மாகாண சர்வகலாசாலையில் டோனி பஃபிங்டன் என்பவர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவரும் அவருடைய சகாக்களும் ஆரோக்கியமான பூனைகளையும் இந்த உபாதையுள்ள பூனைகளையும் சேர்த்து 32 பூனைகளை 77 வாரங்கள் கவனித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். தீனி போடும் நேரம் தவறுவது, பழகிய ஆள் மாறுவது போன்ற சிறு சிறு மாறுதல்கள் ஏற்பட்ட வாரங்களில் நோயுள்ள பூனைகள் மட்டுமல்ல, ஆரோக்கியமான பூனைகளும் வாந்தி எடுத்தன. தீனி தின்ன மறுத்தன. பெட்டிக்கு வெளியே அசுத்தம் செய்தன.

நம் வீடுகளில் இந்த மாறுதல்களுக்குக் குறைவா? தொழிற்சாலைக் குடும்பங்களில் இந்த வாரம் பகல் ஷிப்டு, அடுத்த வாரம் இரவு ஷிப்டு. வாடகை ஒப்பந்தம் முடிந்தால் வீடு மாற்றம். தீபாவளியில் வெடி. பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. கலியாணத்துக்கு ஊரிலிருந்து பதினைந்து பேர். இவற்றைத் தவிர்க்கமுடியாது. ஆனால் எந்தக் குழப்பத்திலும் பூனைக்கு ஒரு மூலையை விட்டுவைக்கலாம். ஒதுங்கிக்கொள்ள ஓர் அட்டைப் பெட்டி, ஏறி உட்கார உயரமான ஓர் அலமாரித் தட்டு, தவறாத நேரத்தில் தீனி, நாளுக்குப் பத்து நிமிஷம் விளையாட்டு ஆகிய இவ்வளவும் மருந்துக்குச் சமானமாகப் பலன் தருகின்றன என்று வைத்தியர்கள் இப்பொழுது ஒப்புக்கொள்கிறார்கள்.

பெட்டியைப் பற்றிய பாடம்

தெனாலிராமன் வளர்த்த பூனையின் கதையை அறியாத குழந்தை தமிழ்நாட்டில் இல்லை. கொதிக்கும் பாலில் ஒருமுறை வாய் வைத்த அந்தப் பூனை, அதற்குப்பின் பாலைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. நீர்ச்சுருக்கு வந்த பூனைக்கும் அதே கதிதான். பெட்டியில் உட்கார்ந்தபொழுது வலித்தது. ஆகையால் வலியைத் தந்தது பெட்டியே என்று அது தீர்மானித்துக்கொள்கிறது. வலிக்காத இடம் தேடி மெத்தைக்கும் குளியலறைக்கும் போகிறது. நோய் தீர்ந்தபின்னும் சில பூனைகளுக்கு இந்த அச்சம் நீங்குவதில்லை. அவற்றுக்கு வேறொரு பெட்டியும் வேறொரு மூலையும் கொடுத்துப் புதிதாகப் பழக்கவேண்டும். மூக்கைப் பிடித்து மூத்திரத்தில் தேய்ப்பதும் அடிப்பதும் அச்சத்தைப் பெருக்குமேயொழியப் புத்தி புகட்டா.

பூனை நோயில்லாமலே பெட்டியை வெறுக்கிறதென்றால் தவறு பெட்டியில் இருக்கிறது. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையில் பூனையின் நீளத்தை அளந்து, அதுபோல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள தொட்டியாக இருக்கவேண்டும். கடையில் விற்கும் பெட்டிகள் பல இதற்குச் சிறியவை. துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டியே நலம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்கவேண்டும் என்பது வைத்தியர்களின் கணக்கு. மணல் இரண்டு விரற்கடை ஆழமாவது வேண்டும். வாசனையூட்டிய மணல் நமக்கு இன்பமாயிருக்கலாம். பூனையின் மூக்குக்கு அது தண்டனை. சத்தமிடும் சலவை இயந்திரத்தின் அருகிலோ, தீனித் தட்டின் பக்கத்திலோ பெட்டியை வைக்கக்கூடாது. சாப்பிடும் கூடத்திலேயே கழிப்பறை கட்டினால் நமக்குச் சம்மதமா?

விலை கொடுத்துக் களிமண் வாங்க முடியாதவர்கள் சலித்த ஆற்று மணலையோ, துண்டு துண்டாகக் கிழித்த பத்திரிகைக் காகிதத்தையோ போடலாம். கட்டட வேலைக்கு இப்பொழுது வரும் எம்-சாண்ட் கூர்மையானது, பாதத்தை உறுத்தும். எதைப் போட்டாலும் தினந்தோறும் அள்ளியெடுத்து, வாரம் ஒருமுறை தொட்டியைச் சோப்பு நீரில் கழுவவேண்டும். ஃபினாயிலைத் தொடவே கூடாது. அந்த வகைப் பொருள்கள் பூனைக்கு விஷம். பூனை தவறான இடத்தில் நீர் விட்டிருந்தால் நல்ல தண்ணீரில் பல தடவை கழுவி, என்ஸைம் கலந்த சலவைத் தூளின் கரைசலில் ஊறவைத்து மறுபடி அலசவேண்டும். நம் மூக்குக்கு நாற்றம் போனாலும் பூனையின் மூக்குக்குச் சிறிது மிச்சமிருக்கும். அந்த மிச்சம் அதை அங்கேயே திரும்ப அழைக்கும்.

இன்னொரு வேற்றுமையையும் கவனிக்கவேண்டும். நின்றபடியே வாலைத் தூக்கி நடுக்கிச் சுவரின்மேல் பீச்சியடிக்கும் பூனை, நோயாளியாக இருக்க வேண்டியதில்லை. அது எல்லைக்கல் நடுகிறது. ஆண் பூனைகளுக்கு விரையடித்துவிட்டால் பத்தில் ஒன்பது பூனைகள் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுகின்றன அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. குந்தி உட்கார்ந்து தரையில் விடுவதைத்தான் நோய்க்குறியாக முதலில் சந்தேகிக்கவேண்டும். வயதான பூனை அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாக நீர் விட்டால், மூத்திரக் காய்க் கோளாறோ நீரிழிவோ இருக்கிறதா என்று இரத்தம் பரிசோதிக்கவேண்டும்.

தண்ணீரும் தீனியும்

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கங்களில் நிலத்தடி நீரில் கடல் நீர் கலந்து உவர்த்துப்போனது பல பத்தாண்டுகளாக யாவரும் அறிந்த விஷயம். "உப்புத் தண்ணீரால்தான் பூனைக்குக் கல் வருகிறது" என்று பலரும் சொல்வார்கள். கல்லுக்கு வித்தாவது தண்ணீரின் உவர்ப்பைக் காட்டிலும் தண்ணீரின் குறைவே. பூனை எவ்வளவு குடிக்கிறது என்பதே முக்கியம். உவர் நீரைப் பூனை முகர்ந்துவிட்டு விலகினால், நீங்கள் குடிக்கும் கேன் தண்ணீரையே அதற்கும் ஊற்றுங்கள். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்குத் தீனியிலுள்ள ஈரமும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லி லிட்டர் நீர் தேவை. அகலமான பாத்திரங்களில், தீனித் தட்டுக்குத் தூரமாக, இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் அதிகமாகக் குடிக்கும்.

உலர் தீனியையே தினமும் போடாமல் ஈரமான தீனியும் கொடுக்கவேண்டும். பழவேற்காட்டிலிருந்து மீன் வரும் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய கஷ்டமல்ல. உப்பும் மஞ்சளும் காரமும் போடாமல் வேகவைத்து, முள் எடுத்து, வெந்த நீரோடு வைக்கலாம். ஆனால் மீன் மட்டுமே ஆகாரமாகிவிடக் கூடாது, கோழி இறைச்சியும் மாற்றி மாற்றி இருக்கவேண்டும். கருவாட்டில் உப்பு மிகுதி; அதைத் தவிர்க்கவேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. பாலும் தண்ணீருக்குப் பதிலாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது ஜீரணமாகாமல் பேதி உண்டாக்கும்.

குழந்தைகளுக்கு ஒரு வேலை

பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் பொறுப்பில் ஒரு பகுதியை அவர்களிடம் தாராளமாக ஒப்படைக்கலாம். ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, இன்று பெட்டியில் எத்தனை நீர் உருண்டைகள், பெரியவையா சிறியவையா என்று எழுதிவரச் சொல்லுங்கள். ஆரோக்கியமான பூனை சாதாரணமாக நாளுக்கு இரண்டு முதல் நான்கு முறை நீர் விடும். ஒரே நாளில் கோலிக்குண்டு அளவில் எட்டு உருண்டைகள் என்றால் நீர்ச்சுருக்கு. ஒன்றுமே இல்லையென்றால் உடனே பெரியவர்களைக் கூப்பிடவேண்டும். கையால் அள்ளும் வேலையை மட்டும் பெரியவர்கள் செய்து, சோப்பினால் கை கழுவிக்கொள்வது நல்லது. கர்ப்பிணிப் பெண்கள் மணல் பெட்டியைத் தொடாதிருப்பதே உத்தமம். பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் சில சமயம் இருக்கும்; அது வயிற்றிலிருக்கும் சிசுவைப் பாதிக்கக்கூடியது. மலத்திலிருந்து வெளிப்பட்ட அந்த உயிர் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகுமாகையால், தினமும் பெட்டியைச் சுத்தம் செய்யும் வீட்டில் இந்தப் பயம் பெரிதும் குறைகிறது.

சட்டமும் தர்மமும்

பூனையை ஊருக்கு வெளியே விட்டுவிடுவது இரக்கமற்ற செயல் மட்டுமல்ல. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அந்தச் சட்டம் பிறப்பதற்கு ராஜ்ய சபையில் பாடுபட்டவர் நம் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல் பிராணி நல வாரியம் ஏற்பட்டபொழுது அதன் முதல் தலைவியாக இருந்தவரும் அவரே. நாட்டியத்துக்கு அவர் செய்த தொண்டைப் புகழ்கிறவர்கள் இதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

வேப்பேரிக்குப் போகவரச் செலவு, வைத்தியர் செலவு, இரண்டு நாள் சம்பளம் என்று கணக்குப் பார்க்கவேண்டிய குடும்பங்களே நம்மில் அதிகம். அதனால்தான், தினமும் பெட்டியைப் பார்ப்பது, ஈரமான தீனி கொடுப்பது, தண்ணீரை மாற்றி வைப்பது என்ற காசில்லாத காரியங்களை இவ்வளவு வற்புறுத்திச் சொல்ல நேர்ந்தது. வியாதியை நீர்ச்சுருக்காக இருக்கும்பொழுதே கண்டுகொண்டால் செலவும் குறையும், பூனையும் துன்பப்படாது. அடுத்த முறை மெத்தை நனைந்திருப்பதைக் கண்டால் கோலைத் தேடாமல், பூனை குந்துகிறதா, நீர் விழுகிறதா என்று கால்மணி நேரம் கூடவே இருந்து பாருங்கள். கைப்பேசியில் அதைப் படம் எடுத்து வைத்தால் வைத்தியருக்கும் உபயோகப்படும். பக்கத்தில் எந்த மிருக வைத்தியர் பூனைக்குக் குழாய் செலுத்துவார், அவருடைய தொலைபேசி எண் என்ன, இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதை இன்றைக்கே விசாரித்து எழுதி, கலண்டரின் பக்கத்தில் ஒட்டி வைத்துவிடுங்கள்.